கைப்பேசியைக் கணிப்பொறியுடன் இணைத்தல்: கேரளத்தின் அனுபவம்

திருவனந்தபுரத்தின் பூஜப்புரைப் பகுதியில் இயங்கும் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம், கேரளப் பொதுப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்விக்குப் பொறுப்பேற்றுள்ள அமைப்பாகும். அது பள்ளிகளுக்கு அளிக்கும் மடிக்கணினியில் இயங்குவது, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கேரளத்திலேயே வடிவமைக்கப்பட்ட கட்டற்ற இயங்குதளம். ஆனால் அந்த மடிக்கணினியைக் கையாளும் ஆசிரியரின் சட்டைப்பையில் இருப்பதோ அவர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிய, ஏதோ ஒரு நிறுவனம் செய்த கைப்பேசி. வகுப்பில் எடுத்த ஒளிப்படம், மாணவர் நடித்த நாடகத்தின் ஒளிக்காட்சி, பதிவேட்டின் பக்கங்கள் அனைத்தும் முதலில் சேர்வது கைப்பேசியில். பயன்பட வேண்டியது கணிப்பொறியில். இரண்டிற்கும் இடையில் ஒரு முழ நீளக் கம்பி.

இக்கம்பியைச் செருகியவுடன் வேலை முடிந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. பல சமயம் அவ்வாறு நிகழ்வதில்லை. கைப்பேசியில் மின்னேற்றம் நடைபெறும். கணிப்பொறியின் திரையில் எதுவும் தோன்றாது. அல்லது கைப்பேசியின் பெயர் தோன்றும். அதனைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இராது. அந்நிலையில் பெரும்பாலோர் கம்பியைக் கழற்றிவிட்டு, வாட்ஸாப் வழியாகத் தமக்குத் தாமே கோப்பினை அனுப்பிக் கொள்கின்றனர். இச்சிறு பழக்கம், காலம், செலவு, அந்தரங்கம் ஆகிய மூன்றையும் தொடுகின்றது. ஓர் அரசு தன் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் எவ்வகை மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்னும் பெரிய கேள்வியும் இதில் அடங்கியிருக்கின்றது.

பல முனைகள், ஒரு முனை

கைப்பேசிகள் பரவத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு செருகுமுனையை வைத்திருந்தது. ஒரு நிறுவனமே தன் வெவ்வேறு மாதிரிகளுக்கு வெவ்வேறு முனைகளை அமைத்ததும் உண்டு. கம்பியோடு ஒரு குறுந்தகடும் வரும். அதிலுள்ள மென்பொருளை நிறுவினாலொழியக் கணிப்பொறி அக்கைப்பேசியை அறியாது. நோக்கியா நிறுவனத்தின் ‘பிசி சூட்’ என்னும் மென்பொருள் பலருக்கு நினைவிருக்கலாம். அது விண்டோஸ் இயங்குதளத்திற்கென்றே எழுதப்பட்டது. வேறு இயங்குதளம் வைத்திருந்தவர், தன்னார்வ நிரலாளர்கள் எழுதிய மாற்று மென்பொருள்களைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது.

கணிப்பொறியின் பக்கம் இதற்கு முன்பே ஒரு சீர்திருத்தம் தொடங்கியிருந்தது. அச்சுப்பொறிக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு ஒரு துளை என்றிருந்த நிலையை மாற்றி, எல்லாவற்றிற்கும் ஒரே துளையை அமைக்கும் நோக்கத்துடன் இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., காம்பாக் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் 1994ஆம் ஆண்டு பணியைத் தொடங்கின. 1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறையின் முதற் பதிப்பு வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் இம்முயற்சிக்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் குஜராத்தில் பிறந்து, வடோதராவில் பொறியியல் பயின்ற அஜய் பட். 2000ஆம் ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பு நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தையும், 2008ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு 5 கிகாபிட் வேகத்தையும் உச்ச வரம்பாகக் கொண்டிருந்தன.

கைப்பேசிகளுக்கு ஒரு பொது முனை வேண்டும் என்னும் உடன்பாடு 2009ஆம் ஆண்டு ஐரோப்பாவில் எட்டப்பட்டு, ‘மைக்ரோ யூ.எஸ்.பி.’ முனை பெருவழக்காயிற்று. 2014இல் தலைகீழாகச் செருகினாலும் பொருந்தும் ‘டைப்-சி’ முனை வரையறுக்கப்பட்டது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் உற்பத்தியாளர்களுடன் கலந்தாய்வு நடத்தியது. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சி முனைக்கான இந்தியத் தரத்தை, ஐ.எஸ்./ஐ.இ.சி. 62680-1-3 என்னும் எண்ணுடன் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கு இம்முனை கட்டாயமாயிற்று. தேவையற்ற மின்னேற்றிகளும் கம்பிகளும் குப்பையில் சேர்வதைக் குறைப்பது இச்சட்டங்களின் ஒரு நோக்கம்.

முனை ஒன்றானதால் அதன் பின்னாலுள்ள ஆற்றலும் ஒன்றாகிவிட்டது எனக் கருதலாகாது. டைப்-சி முனையுள்ள கைப்பேசிகளில் பலவும், விலை குறைந்தவை மட்டுமன்றிச் சில விலை உயர்ந்தவையும்கூட, உள்ளே 2000ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு வேகத்திலேயே இயங்குகின்றன. முனையின் வடிவம் வேறு, அதன் வேகம் வேறு என்பதனைக் கொள்முதல் அலுவலர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம்.

கம்பிக்குள் நடப்பது

இரண்டாம் பதிப்பு யூ.எஸ்.பி. கம்பியினுள் நான்கு இழைகள் உள்ளன. இரண்டு மின்சாரத்திற்கு, இரண்டு செய்திக்கு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில கம்பிகளில் செய்தி இழைகள் இரண்டும் இருப்பதேயில்லை. அக்கம்பி மின்னேற்றத்திற்கு மட்டுமே உதவும். கைப்பேசி இணையவில்லை என்னும் முறையீடுகளில் கணிசமானவை கம்பியை மாற்றியவுடன் தீர்ந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. வெளித்தோற்றத்தில் இருவகைக் கம்பிகளையும் வேறுபடுத்திக் காண இயலாது.

செய்தி இழைகள் உள்ள கம்பியைச் செருகியதும், கணிப்பொறி கைப்பேசியை நோக்கி ‘நீ யார்?’ என வினவுகின்றது. கைப்பேசி தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும், தன் மாதிரியின் எண்ணையும், தான் ஆற்றக்கூடிய பணிகளையும் விடையாகத் தருகின்றது. அவ்விடையைக் கொண்டே கணிப்பொறி உரிய நிரலைத் தேர்ந்தெடுக்கின்றது. எனவே இணைப்பில் வினவுவது எப்போதும் கணிப்பொறியே. ஆனால் எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்று தீர்மானிப்பது கைப்பேசி. 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பிலிருந்து, உரியவர் வேறு விதமாகச் சொல்லாத வரை, ‘மின்னேற்றம் மட்டும்’ என்பதே கைப்பேசியின் முதல் விடையாக அமைக்கப்பட்டுள்ளது. ஆப்பிள் நிறுவனத்தின் கைப்பேசிகளில் 2013 முதல் ‘இக்கணிப்பொறியை நம்பலாமா?’ என்னும் வினா திரையில் எழுகின்றது. கம்பி சரியாக இருந்தும் கணிப்பொறியில் ஒன்றும் தோன்றாமைக்கு இரண்டாவது காரணம் இதுவாகும். இது பழுதன்று; காவல்.

பண்டகசாலையும் காப்பாளரும்

பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் விரலி நினைவகத்தைப் போலவே கணிப்பொறியுடன் இணைந்தன. இன்றைய கைப்பேசிகள் அவ்வாறு இணைவதில்லை. ஏன் இம்மாற்றம் என்பது மாணவர்களிடையே அடிக்கடி எழும் ஐயம்.

விரலி நினைவகத்தைச் செருகும்போது நிகழ்வது, பண்டகசாலையின் சாவியையே கணிப்பொறியிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். எந்த அறையில் எந்த மூட்டையை வைப்பது, பேரேட்டில் எவ்வாறு பதிவது என்பவை அனைத்தையும் கணிப்பொறியே செய்து கொள்ளும். நினைவகத்திற்குச் சொந்த அறிவு இல்லையாதலால் இதில் சிக்கல் எழவில்லை. கைப்பேசியோ தானே ஒரு கணிப்பொறி. அதுவும் அதே பண்டகசாலையில் ஓயாது எழுதிக் கொண்டிருக்கின்றது. ஒரே பேரேட்டில் இருவர் ஒருவரையொருவர் அறியாது ஒரே வேளையில் பதிவு செய்தால் கணக்குச் சிதைந்து போகும். அதனைத் தவிர்க்க, பழைய கைப்பேசிகள் சாவியைக் கொடுத்தவுடன் தாம் வெளியேறிவிடும். கம்பி செருகியிருக்கும் வரை கைப்பேசியால் தன் நினைவக அட்டையில் உள்ள படங்களையும் பாடல்களையும் திறக்க இயலாது. அட்டையில் நிறுவப்பட்ட செயலிகளும் நின்றுவிடும்.

மற்றொரு தளையும் இருந்தது. சாவியைப் பெறும் கணிப்பொறிக்குப் புரியும் மொழியிலேயே பேரேடு எழுதப்பட வேண்டும். எல்லாக் கணிப்பொறிகளுக்கும் புரிந்த ஒரே பேரேட்டு முறை மைக்ரோசாஃப்டின் ‘ஃபேட்’ முறை. அதில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. அதன் நீண்ட பெயர்ப் பதிவிற்குக் காப்புரிமையும் இருந்தது. 2009இல் டாம்டாம் என்னும் வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின் மீது மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில் இக்காப்புரிமையும் இடம் பெற்றது.

2011இல் ஆண்ட்ராய்டு 3.0 வெளிவந்தபோது இந்நிலை மாறியது. சாவி கைப்பேசியிடமே இருக்கும். கணிப்பொறி முகப்பில் நின்று, ‘இன்ன கோப்பினைக் கொடு’, ‘இதனை வாங்கி வை’ என்று காப்பாளரிடம் கேட்டுப் பெற வேண்டும். எம்.டி.பி. என வழங்கும் ஊடகப் பரிமாற்ற நெறிமுறை இதுவே. இது புதிதாகப் படைக்கப்பட்டதன்று. எண்முறை ஒளிப்படக் கருவிகளுக்காக வகுக்கப்பட்ட பி.டி.பி. என்னும் நெறிமுறையை விரிவாக்கி, இசைக் கருவிகளுக்கென மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. 2008இல் யூ.எஸ்.பி. அமைப்பு இதனைப் பொதுத் தரமாக ஏற்றுக் கொண்டது. இம்முறையால் கைப்பேசி தன் உள்நினைவகத்தைத் தான் விரும்பிய வகையில் அமைத்துக் கொள்ள முடிந்தது; கம்பி செருகியிருக்கும்போதும் அதன் பணிகள் தடைப்படவில்லை.

காப்பாளர் முறைக்கே உரிய குறைகளும் உண்டு. ஒரு வேளையில் ஒரு கோரிக்கையே கவனிக்கப்படும். ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள உறையைத் திறந்தால் ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டியிருப்பதால் திரை நெடுநேரம் வெறுமையாக நிற்கும். பொறுமையிழந்து கம்பியைப் பிடுங்குவோர் பலர். கோப்பினைக் கைப்பேசியில் இருந்தபடியே கணிப்பொறியில் திருத்துவதும் இம்முறையில் எளிதன்று. ஒளிக்காட்சியைத் தொகுக்கும் ஆசிரியர் அதனை முதலில் கணிப்பொறிக்குப் படியெடுத்துக் கொண்டு பிறகே ‘கேடென்லைவ்’ போன்ற தொகுப்பு மென்பொருளில் திறக்க வேண்டும். கைப்பேசியில் இருந்தவாறே திறந்துவிட்டு மென்பொருளைக் குறை கூறுவது பொருந்தாது.

கட்டற்ற மென்பொருளும் பள்ளிகளும்

கேரளம் மின்னணுத் துறையில் முன்கூட்டியே கால் பதித்த மாநிலம். 1973இல் கெல்ட்ரான் நிறுவனமும், 1990இல் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க்கும் திருவனந்தபுரத்தில் தோன்றின. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதே நகரில்தான் தொடங்கப் பெற்றது. அவ்விழாவிற்கு அவ்வியக்கத்தின் நிறுவனரான ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். பேராசிரியர் யூ.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையைப் பின்பற்றி ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் செயலுக்கு வந்ததும் 2001இல்தான். தொடக்கத்தில் விண்டோஸ் வழியே கற்பிக்கப்பட்ட பாடம், ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பிய விவாதத்திற்குப் பின் படிப்படியாக லினக்ஸிற்கு மாறியது. 2017இல் இத்திட்டமே ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருமாறியது. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின் கீழ் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 45,000 வகுப்பறைகள் மடிக்கணினியும் ஒளிப்படவீழ்த்தியும் பெற்றன.

உரிமக் கட்டணம் இல்லாமை இத்தேர்வின் ஒரு நன்மை. அதுபற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அதிகம் பேசப்படாத மற்றொன்று, புதிய கருவிகளுடன் பேசும் ஆற்றல். எம்.டி.பி. முறைக்கு ஆண்ட்ராய்டு மாறிய முதல் இரண்டு ஆண்டுகளில் லினக்ஸ் பயன்படுத்துவோர் பெரிதும் இடர்ப்பட்டனர். விண்டோஸில் செருகியவுடன் திறந்த கைப்பேசி, லினக்ஸில் பாதியிலேயே நின்றது. இதனைச் சுட்டிக்காட்டி, அரசுப் பள்ளிகள் தவறான வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டன என வாதிட இடமிருந்தது. ஆனால் எம்.டி.பி. வெளிப்படையான தரமாக வரையறுக்கப்பட்டிருந்தமையால், ‘லிப்எம்.டி.பி.’ என்னும் கட்டற்ற நிரலகத்தை எழுதி வந்தவர்கள் கைப்பேசிகளின் குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து இடமளித்தனர். 2013ஐ ஒட்டி உபுண்டுவின் கோப்பு மேலாளரே இத்திறனைப் பெற்றுவிட்டது. உபுண்டு 14.04 பதிப்பை அடியொற்றிய பள்ளி இயங்குதளத்திலும், அதன் பின் வந்த 18.04, 22.04 பதிப்புகளிலும் தனி மென்பொருள் எதுவும் நிறுவாமலே கைப்பேசி இணைகின்றது. ‘பிசி சூட்’ காலத்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அன்று கைப்பேசி நிறுவனத்தின் விருப்பத்தைச் சார்ந்திருந்த ஒரு வசதி, தரம் வெளிப்படையானதும் எவரும் எழுதிக் கொள்ளக் கூடியதாயிற்று.

இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளுக்கு இதில் ஒரு கூடுதல் பயன் உண்டு. எம்.டி.பி. நெறிமுறையில் கோப்பின் பெயர் ஒருங்குறி எழுத்துகளிலேயே அனுப்பப்படுவதால், ‘ஆண்டு விழா’ எனக் கைப்பேசியில் பெயரிட்ட கோப்பு கணிப்பொறியிலும் அப்பெயருடனேயே சேரும். பழைய விரலி நினைவகங்களில் தமிழ், மலையாளப் பெயர்கள் வினாக்குறிகளாக மாறிய காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

செய்முறை

செருகும் முன் கைப்பேசியின் பூட்டினைத் திறந்து வைத்தல் வேண்டும். திரை பூட்டியிருந்தால் பெயர் மட்டும் தோன்றும். உள்ளே வெறுமையாக இருக்கும். கம்பியைச் செருகியபின் கைப்பேசித் திரையின் மேற்பகுதியை விரலால் கீழே இழுத்தால் யூ.எஸ்.பி. பற்றிய அறிவிப்பு காணப்படும். அதனைத் தொட்டு, ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணிப்பொறியின் கோப்பு மேலாளரில் இடப்புறம் கைப்பேசியின் பெயர் எழும். ஒளிப்படங்கள் ‘டி.சி.ஐ.எம்.’ என்னும் உறையில் இருக்கும். இப்பெயரும் ஒளிப்படக் கருவிகள் விட்டுச் சென்ற மரபே.

பெயர் எழாவிடின் முதலில் கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். அடுத்துக் கணிப்பொறியின் வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். அப்போதும் பயனில்லையெனில், லினக்ஸின் முனையத்தில் ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்னும் ஆணையைத் தட்டினால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் கிடைக்கும். பட்டியலில் கைப்பேசி இல்லையென்றால் குறை கம்பியிலோ முனையிலோ உள்ளது. கைப்பேசி முனையில் படிந்த தூசியும் நூலிழையும் இதற்குக் காரணமாவது உண்டு. பட்டியலில் இருந்தும் கோப்பு மேலாளரில் இல்லையென்றால் கைப்பேசியின் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். இவ்வாறு குறையை இரு பாதியாகப் பிரித்து, எப்பாதியில் உள்ளது எனக் காணும் முறை, மாணவர்கள் வேறு பல இடங்களிலும் கைக்கொள்ளத் தக்கதாகும்.

நேரக் கணக்கு

கம்பியைத் தவிர்த்து இணையம் வழியே அனுப்புவதன் விலையை எளிய கணக்கினால் அறியலாம். பள்ளி விழாவின் ஒளிக்காட்சி 3 கிகாபைட் எனக் கொள்வோம். இரண்டாம் பதிப்பு யூ.எஸ்.பி.யின் உச்ச வேகம் நொடிக்கு 60 மெகாபைட். நடைமுறையில் 30 மெகாபைட் கிடைத்தாலே 100 நொடிகளில் வேலை முடியும். நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள கைப்பேசி இணையத்தில் அதே கோப்பை மேலேற்ற 2,400 நொடிகள், அதாவது 40 நிமிடங்கள் ஆகும். பிறகு கணிப்பொறியில் அதனை இறக்கிக் கொள்ள மீண்டும் நேரம் வேண்டும். போதாக்குறைக்கு வாட்ஸாப் 2 கிகாபைட்டிற்கு மேற்பட்ட கோப்பினை ஏற்பதில்லை. ஒளிப்படமாக அனுப்பினாலோ அதன் அளவைச் சுருக்கிவிடும். பதிவேட்டின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய எழுத்தர், மறுமுனையில் எண்கள் மங்கித் தெரிவதைக் கண்டு வியக்கின்றார். மேசையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்ல வேண்டிய காகிதம் கடல் கடந்த சேவையகங்களைச் சுற்றி வருவது விந்தைதான்.

2020 ஜூன் 1 அன்று ‘கைட் விக்டர்ஸ்’ தொலைக்காட்சி வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கியபோது இக்கணக்கு முன்னினும் பொருளுடையதாயிற்று. தொலைக்காட்சிப் பாடத்திற்குத் துணையாகத் தத்தம் மாணவர்க்கு விளக்கம் அளிக்க முற்பட்ட ஆசிரியர்களுக்கு, ஒளிப்பதிவுக் கருவியாக விளங்கியது கைப்பேசியே. பதிவு செய்ததைக் கம்பி வழியே மடிக்கணினிக்கு மாற்றி, வெட்டிச் சுருக்கி, சிறிய கோப்பாக அனுப்பத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையே இருந்த வேறுபாடு, மாணவர் வீட்டின் இணையச் செலவில் வெளிப்படும்.

அட்சயா மையத்தில்

2002இல் மலப்புறத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அட்சயா மையங்கள், கேரள மக்கள் அரசுச் சேவைகளை நாடிச் செல்லும் வாயில்கள். சான்றிதழுக்கும் ஓய்வூதியத்திற்கும் வருவோர் பலரிடம் ஆவணங்கள் படமாகக் கைப்பேசியில்தான் உள்ளன. அவற்றை மையத்தின் கணிப்பொறிக்கு மாற்றுவது எவ்வாறு? கம்பியைச் செருகி ‘கோப்புப் பரிமாற்றம்’ எனத் தேர்ந்தெடுத்தால், கைப்பேசியின் பொது நினைவகம் முழுவதும் மற்றவரின் கணிப்பொறிக்குத் திறந்துவிடப்படுகின்றது. குடும்பப் படங்கள், இறக்கி வைத்த வங்கி அறிக்கைகள், உரையாடல்களில் வந்த ஒளிக்காட்சிகள் எல்லாம் அதில் அடங்கும். வேண்டியதோ ஒரே ஒரு படம்.

இத்தகைய இடங்களில் ‘ஒளிப்படப் பரிமாற்றம்’ எனப்படும் பி.டி.பி. முறையைத் தேர்ந்தெடுப்பது மேலானது. அது படங்களுக்குரிய உறைகளை மட்டுமே காட்டும். அதுவும் முழுப் பாதுகாப்பன்று. மற்ற படங்களும் தெரியத்தான் செய்யும். 2015 முதல் இயங்கி வரும் டிஜிலாக்கரில் ஆவணம் இருப்பின் கம்பியே தேவையில்லை. மையத்தின் பொறுப்பாளர் தம் பங்கிற்கு, பணி முடிந்தவுடன் படியெடுத்த கோப்பினை மக்களின் கண்முன்னரே அழித்துவிடுதல் முறையாகும். தனிநபர் விவரங்களை எந்நோக்கத்திற்குப் பெற்றனரோ அந்நோக்கத்திற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று.

பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் உள்ள மின்னேற்றத் துளைகளைப் பற்றிய எச்சரிக்கையும் இதனோடு சேர்ந்ததே. இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில், மின்னேற்றக் கம்பி வழியே தரவுகள் திருடப்படலாம் எனக் குறிப்பிட்டுள்ளது. கைப்பேசி ‘மின்னேற்றம் மட்டும்’ என்ற நிலையில் நின்று, பூட்டும் இட்டிருந்தால் இத்தீங்கிற்கான வழி பெரிதும் அடைபடுகின்றது. முன்னர்க் குறை கூறப்பட்ட, செய்தி இழைகளற்ற மலிவுக் கம்பி இங்கே மிகச் சிறந்த கம்பியாகிவிடுகின்றது! செயலி எழுதப் பயிலும் மாணவர்கள் தம் கைப்பேசியில் ‘யூ.எஸ்.பி. பிழைநீக்கம்’ என்னும் அமைப்பை இயக்குவதுண்டு. அது கைப்பேசிக்குக் கணிப்பொறி ஆணையிடும் வழி; பயிற்சி முடிந்ததும் அதனை அணைத்து விடுதல் வேண்டும்.

சான்றாக அமையும் கைப்பேசி

கம்பி இணைப்பு நீதிமன்றம் வரை செல்லும் சூழலும் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள சி-டாக் நிலையத்தில் இணையத் தடயவியல் வள மையம் செயற்படுகின்றது. கைப்பற்றப்பட்ட கைப்பேசிகளிலிருந்து விவரங்களை எடுத்து ஆராய்வதற்கென அங்கு ‘மொபைல்செக்’ என்னும் மென்பொருள் உருவாக்கப்பட்டது. வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிருந்த துறையில் இது உள்நாட்டு முயற்சி. வீட்டில் படம் எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, எடுக்கும்போது கைப்பேசியில் எதுவும் மாறிவிடக் கூடாது என்பதே. ஆகவே வெளியிலிருந்து குறிப்பலைகள் புகாதவாறு கைப்பேசியைக் காப்பு உறையிலிட்டுத் தனிமைப்படுத்துகின்றனர். எடுத்த விவரத்திற்கு ‘ஹாஷ்’ எனப்படும் சரிபார்ப்பு மதிப்பைக் கணித்துப் பதிவு செய்கின்றனர். பின்னர் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு வேறாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றுடன் அளிக்க வேண்டிய சான்றிதழில் இம்மதிப்பினையும் குறிப்பிடல் வேண்டும். எனவே, பிற்காலத்தில் வழக்கிற்குச் சான்றாகக் கூடிய கைப்பேசியை அலுவலகக் கணிப்பொறியில் செருகிப் ‘பார்த்துவிடலாம்’ என முனைவது, சான்றின் மீது ஐயம் எழ இடமளிக்கும்.

கம்பி வேறு பயனும் தரும்

கோப்புகளை மட்டுமன்றி இணைய இணைப்பையும் கம்பி வழியே கணிப்பொறிக்கு வழங்கலாம். கைப்பேசி அமைப்பில் ‘யூ.எஸ்.பி. டெதரிங்’ என்பதை இயக்கினால், கணிப்பொறி அதனை ஒரு வலைப்பின்னல் கம்பியாகவே கருதிக் கொள்ளும். லினக்ஸில் இதற்கும் தனி மென்பொருள் வேண்டுவதில்லை. 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்ட கே-ஃபோன் கண்ணாடி இழைத் திட்டம் அரசு அலுவலகங்களையும் பள்ளிகளையும் இணைப்பதை நோக்கமாகக் கொண்டது. பருவமழைக் காலத்தில் மரம் விழுந்து இழை அறுபடும் நாளில், மாணவர் வருகை விவரத்தை அனுப்பி முடிக்க ஆசிரியரின் கைப்பேசியே கைகொடுக்கும்.

கம்பியே இல்லாத முறைகளும் வந்துள்ளன. புளூடூத் வேகம் குறைந்தது. ஓரிரு படங்களுக்கு மேல் அதனை நம்ப வேண்டியதில்லை. 2013இல் தோன்றிய ‘கே.டி.இ. கனெக்ட்’ என்னும் கட்டற்ற மென்பொருள், ஒரே வைஃபை வலைப்பின்னலில் உள்ள கைப்பேசியையும் கணிப்பொறியையும் மறையாக்கத்துடன் இணைக்கின்றது. கோப்பினை அனுப்புவதோடு, கைப்பேசியைக் கொண்டே கணிப்பொறியின் படக்காட்சிப் பக்கங்களைத் திருப்பவும் இயலுமாதலால் வகுப்பறைக்கு உகந்தது. அலுவலக வலைப்பின்னலில் இது இயங்காவிடின், தீயரண் மென்பொருளில் 1714 முதல் 1764 வரையிலான வாயில்கள் திறந்துள்ளனவா என வலைப்பின்னல் பொறுப்பாளர் சரிபார்க்க வேண்டும். இரு கருவிகளையும் முதன்முறை இணைக்கும்போது இரண்டின் திரையிலும் தோன்றும் குறியீடு ஒன்றாக உள்ளதா என ஒப்பிட்டு நோக்கிய பின்னரே இசைவு அளிக்க வேண்டும். பெரிய ஒளிக்காட்சிகளுக்கும், வைஃபை இல்லாத பள்ளிகளுக்கும், செய்தி இழைகள் உள்ள நல்ல கம்பி ஒன்றை மடிக்கணினியின் பையிலேயே வைத்திருப்பது போதுமானது.